ஏழைகளுக்கென்று ஒரு கட்சி, ஆனால் ஓர் இடம்கூட இல்லை: பின்லாந்தில் என்ன நடந்தது?

கேள்வி இதுதான்: பின்லாந்தில் வறுமை ஒழிப்பை மட்டுமே பேசிய 'கொய்ஹியென் அசியல்லா' என்ற சின்னக் கட்சி பல தேர்தல்களில் நின்றும் ஒரு எம்.பி.கூடக் கிடைக்காமல் போனது ஏன்? அங்கே ஏழைகளே இல்லையா?

ஏழைகள் இருக்கிறார்கள். அதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அந்தக் கட்சி பிறந்த காரணமே அங்கேதான் இருக்கிறது.

1990இல் பின்லாந்தில் வேலையில்லாதவர்கள் 3 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1994இல், அது 16 சதவீதத்தைத் தாண்டியது. எண்பதுகளில் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தன, வீட்டு விலை ஏறியது, பிறகு குமிழி உடைந்தது. அதே நேரத்தில் சோவியத் யூனியன் சிதறியதால், அதை நம்பியிருந்த ஏற்றுமதியும் போனது. பின்லாந்தின் அன்றைய நாணயமான மார்க்காவின் மதிப்பை 1991இல் குறைத்துப் பார்த்தார்கள். தாங்கவில்லை. 1992 செப்டம்பரில் அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். மார்க்காவின் மதிப்பு விழுந்ததும், வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கியிருந்த சிறு தொழிற்காரர்கள் ஒரே இரவில் தீர்க்க முடியாத கடனில் மாட்டினார்கள். பணக்கார நாடு ஒன்றில், அமைதிக்காலத்தில், இவ்வளவு வேகமாக இத்தனை பேர் கீழே விழுந்தது அரிது.

அப்போதுதான் 'ரொட்டி வரிசை' என்ற காட்சி பின்லாந்து நகரங்களில் நிலைத்தது. ஹெல்சின்கியின் காலியோ பகுதியில் ஹுர்ஸ்தி குடும்பத்தார் நடத்திய உணவு விநியோகத்திலும், கிழக்குப் புறநகரான மில்லிபுரோவிலும், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஆட்கள் பனியில் நிற்பார்கள். கடைகளில் தேதி நெருங்கிய ரொட்டியும் பாலும்தான் பெரும்பாலும் கிடைக்கும். தேவாலயங்களும் தொண்ணூறுகளின் நடுவில் உணவு வங்கிகளைத் திறந்தன. நெருக்கடி முடிந்தால் இதுவும் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நோக்கியா உலகை ஆண்ட காலத்திலும் வரிசை நின்றது. இன்றும் நிற்கிறது.

அரசு என்ன செய்தது? 1995 முதல் 2003 வரை சமூக ஜனநாயகக் கட்சியின் பாவோ லிப்போனென் பிரதமர். அவருடைய அமைச்சரவையை 'வானவில்' அரசு என்பார்கள், வலதுசாரி தேசியக் கூட்டணிக் கட்சி முதல் இடதுசாரிக் கூட்டணி வரை ஐந்து கட்சிகள் அதில் இருந்தன. பற்றாக்குறையைக் குறைத்து யூரோ நாணயத்தில் சேர வேண்டும் என்பது இலக்கு. அதற்காகச் செலவை வெட்டினார்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகை குறைந்தது. தேசிய ஓய்வூதியத்தில் எல்லோருக்கும் கிடைத்த அடிப்படைப் பகுதியை 1996இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து 2001இல் முழுதாக எடுத்துவிட்டார்கள். முதியவர்கள் அதைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெட்டியவர்களில் இடதுசாரிகளும் இருந்தார்கள். அப்படியானால் வெட்டப்பட்டவர்கள் யாரிடம் போவது? அந்த வெற்றிடத்தில்தான் 2002இல் 'கொய்ஹியென் அசியல்லா' வந்தது. 'ஏழைகளுக்காக' என்று புரிந்துகொள்ளலாம். தெர்த்து சாவோலா என்ற பெண்மணி நெடுங்காலம் அதன் தலைவர். குறைந்தபட்ச உதவித்தொகையை உயர்த்து, சின்ன ஓய்வூதியத்தை உயர்த்து, ரொட்டி வரிசைக்கு முடிவு கட்டு என்ற வகைக் கோரிக்கைகள். யாரும் மறுக்க முடியாதவை.

தேர்தல் முடிவுகளை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2003, 2007, 2011 என்று மூன்று நாடாளுமன்றத் தேர்தல்களிலும் நாடு முழுவதும் 0.1 சதவீதத்தை ஒட்டியே கிடைத்தது. பதிவான வாக்குகள் 28, 29 லட்சம் என்றால், இவர்களுக்கு வந்தது மூவாயிரத்தைச் சுற்றி. 2015இல் அதுவும் தேய்ந்துபோனது. 200 இடங்கள் உள்ள நாடாளுமன்றத்தில் ஒருமுறைகூட ஓர் இடம் வரவில்லை.

இந்த மூவாயிரத்தை இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பின்லாந்தில் கட்சியாகப் பதிவு செய்ய, வாக்குரிமை உள்ள 5,000 பேரிடம் ஆதரவு அட்டை வாங்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, வசிக்கும் ஊராட்சி, கையெழுத்து. அதை ஓராண்டுக்குள் திரட்டி நீதி அமைச்சகத்தில் கொடுக்க வேண்டும். சின்னக் கட்சிக்காரர்கள் சந்தைத் திடலிலும் ரயில் நிலைய வாசலிலும் நின்று ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டு வாங்குகிற வேலை அது. போகிறவர் நின்று கேட்பார், நல்ல விஷயம்தானே என்று கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். தேர்தல் நாளில் அவர் வேறு யாருக்கோ போடுவார், அல்லது வீட்டில் இருப்பார். அட்டை 5,000, வாக்கு 3,000. இந்தக் கட்சி இருக்கட்டும் என்று கையெழுத்திட்ட ஆட்களின் எண்ணிக்கையைக்கூட வாக்குப் பெட்டியில் அது தொடவில்லை. மக்களுக்கு அந்தக் கொள்கைமேல் வெறுப்பு இல்லை என்பதற்கும், அந்தக் கட்சியை ஒரு வாக்குக்குரிய தேர்வாக அவர்கள் நினைக்கவில்லை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்புறம் இதில் ஒரு கொடுமை. தொடர்ந்து இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களில் ஓர் இடம்கூட ஜெயிக்காத கட்சியைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுக் கட்சிச் சட்டம் சொல்கிறது. 2003, 2007 இரண்டிலும் தோற்றதால் பெயர் போனது. திரும்ப 5,000 அட்டை திரட்டினால்தான் 2011. அதிலும் 2015இலும் தோற்றதால் மறுபடி போனது. பணம் இல்லாத, வயதான, உடல்நலம் குன்றிய ஆட்களை வைத்து நடக்கிற கட்சிக்கு இந்தச் சுற்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொள்கை பேசப் போக வேண்டிய நேரமெல்லாம் கையெழுத்துக்கே போகிறது. பின்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியும் இதே வட்டத்தில் பலமுறை சுற்றியிருக்கிறது.

சரி, 0.1 சதவீதத்துக்கு ஓர் இடம் கிடைக்காதது நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். 200 இடத்தில் ஓர் இடத்துக்கு அரை சதவீதமாவது வேண்டும். ஆனால் அரை சதவீதம் வாங்கினாலும் கிடைக்காது. 2011இல் இணைய உரிமைகளைப் பேசிய பைரேட் கட்சி ஏறக்குறைய அதைத்தான் வாங்கியது, வெறுங்கையோடு போனது. காரணம், வாக்குகளை நாடு முழுவதற்கும் சேர்த்து எண்ணுவதில்லை, தொகுதிவாரியாகத்தான் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் பல இடங்கள், பங்கீடு டோண்ட் முறையில், அதாவது ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வகுத்து, பெரிய ஈவுகளுக்கு வரிசையாக இடம் தருவார்கள். சட்டத்தில் குறைந்தபட்ச சதவீதம் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் தொகுதியில் எத்தனை இடங்கள் உள்ளனவோ அதுவே தடையாக நிற்கிறது. ஹெல்சின்கியைச் சுற்றிய ஊசிமா தொகுதியில் 2015இல் 35 இடங்கள். அங்கே 2.8 சதவீதம் வாங்கினால் ஓர் இடம் உறுதி. வடக்கே லாப்லாந்தில் 7 இடங்கள்தான், அங்கே 12.5 சதவீதம் வேண்டும். வேலையின்மையும் ஆள் வெளியேற்றமும் அதிகமான வடக்கு, கிழக்குப் பகுதிகளில்தான் இந்தத் தடை உயரம். ஏழைக் கட்சிக்கு எங்கே ஆதரவு வரலாமோ அங்கேதான் கதவு குறுகல். இதை மாற்ற, நாடு முழுவதற்கும் 3 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்து இடங்களைப் பங்கிடலாம் என்ற திட்டம் 2011 தேர்தலுக்கு முன் நாடாளுமன்றத்தில் முதல் சுற்றைத் தாண்டியது. தேர்தலுக்குப் பின் வந்த அரசு அதைக் கைவிட்டது. பதிலுக்குக் கிழக்கில் நான்கு சின்னத் தொகுதிகளை இரண்டாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

வாக்களிக்கும் முறையும் சின்னக் கட்சிக்குச் சாதகமாக இல்லை. பின்லாந்து வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ கிடையாது. உள்ளே ஒரு வட்டம், அதில் வேட்பாளரின் எண்ணைக் கையால் எழுதி, மடித்து, வெளிப்புறத்தில் அலுவலர் முத்திரை குத்தியபின் பெட்டியில் போட வேண்டும். கட்சிக்கு மட்டும் என்று போட முடியாது, ஆளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வேட்பாளரும் தன் முகத்தையும் எண்ணையும் மக்கள் மனதில் பதிய வைக்கச் சொந்தச் செலவில் சுவரொட்டி, விளம்பரம் என்று அலைய வேண்டும். டெபாசிட் கட்டும் வழக்கம் அங்கே இல்லை, அது நல்லதுதான். ஆனால் ஜெயிக்கிற வேட்பாளர்கள் பல ஆயிரம் யூரோ இறைக்கிற இடத்தில், உதவித்தொகையில் வாழ்கிற வேட்பாளர் என்ன செய்வார்? கட்சிகளுக்கு அரசு தரும் மானியமும் நாடாளுமன்ற இடங்களின் கணக்குப்படிதான் பிரிகிறது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோ, 200 இடம், அதாவது ஓர் இடத்துக்கு ஒன்றரை லட்சம் யூரோ அளவு. இடம் இல்லையென்றால் சல்லிக்காசு இல்லை. தொலைக்காட்சியில் கட்சித் தலைவர்களின் பெரிய விவாதங்களும் நாடாளுமன்றக் கட்சிகளுக்குத்தான், மற்றவர்களுக்கு எல்லோரையும் சேர்த்து ஒரு தனி நிகழ்ச்சி.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவையெல்லாம் சேர்ந்தும் முழுப் பதில் ஆகாது என்பது என் கருத்து. இதே விதிகளுக்குள் நின்று ஒடுக்கப்பட்டவர்களின் கோபத்தை நாடாளுமன்றம் வரை கொண்டுபோன கட்சி அந்த நாட்டிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

வெய்க்கோ வென்னமோ. போரில் சோவியத்திடம் போன கரேலியாவில் பிறந்தவர். போருக்குப் பின் அங்கிருந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைக் குடியமர்த்தும் அரசுத் துறைக்குத் தலைவராக இருந்தவர். நிலம் வாங்கிக் கொடுத்தவர் என்று ஆயிரக்கணக்கான சிறு விவசாயக் குடும்பங்களுக்கு அவரைத் தெரியும். விவசாயிகள் கட்சியில், அதிலிருந்து குடியரசுத் தலைவரான உர்ஹோ கெக்கோனெனோடு ஒத்துப்போகாமல் 1959இல் வெளியேறித் தனிக் கட்சி கண்டார். அது பின்பு பின்லாந்து கிராமப்புறக் கட்சி ஆனது. 1966இல் ஓர் இடம். அப்புறம் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. சின்ன நிலத்தில் பிழைக்க முடியாமல் குடும்பம் குடும்பமாக ஆட்கள் தெற்கு நகரங்களுக்கும் ஸ்வீடன் தொழிற்சாலைகளுக்கும் கிளம்பினார்கள். 1970 தேர்தலில் வென்னமோ கட்சிக்கு 10.5 சதவீதம், 18 இடம். ஒன்றிலிருந்து பதினெட்டு!

அவர் தன் ஆட்களை ஏழைகள் என்று அழைக்கவில்லை. 'மறக்கப்பட்ட மக்கள்' என்றார். இந்த இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். மறக்கப்பட்டவன் என்றால் தவறு மறந்தவனுடையது. தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் உன்னை மறந்தார்கள், நீ நேராக நில், கேள் என்று அதற்குப் பொருள். அதில் கோபம் இருக்கிறது, கூடவே மரியாதையும் இருக்கிறது. ஏழைகளின் கட்சி என்று வெளிப்படையாகப் பெயர் வைத்த ஒன்றுக்கு வாக்களிப்பவர், தான் ஏழை என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உழைத்து, யாரிடமும் கை நீட்டாமல் வாழ்வதைப் பெருமையாக நினைக்கிற ஊர் அது. சமூக நல அலுவலகத்துக்குப் போவதையே பலர் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவார்கள். உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர், வாக்குச்சீட்டு என்றாலும், ஏழைகளின் வேட்பாளர் எண்ணை எழுதத் தயங்குவது எனக்கு வியப்பாக இல்லை.

இன்னொன்று, ஏழைகள் என்று ஓர் ஒற்றைக் கூட்டம் அங்கே இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், நெடுநாள் வேலையில்லாத கட்டுமானத் தொழிலாளி, சின்ன ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டி, மன நோயாளி, மாணவர் என்று ஒவ்வொருவர் கதையும் வேறு. அவர்களைச் சேர்க்கிற அமைப்புகள் ஏற்கெனவே பழைய கட்சிகளோடு பிணைந்தவை. தொழிற்சங்கங்கள் சமூக ஜனநாயகக் கட்சியோடும் இடதுசாரிக் கூட்டணியோடும் நெருக்கம். ஓய்வூதியர் சங்கங்களில்கூட ஒன்று மையக் கட்சிப் (பழைய விவசாயிகள் கட்சி) பக்கம், இன்னொன்று இடதுசாரிப் பக்கம். புதிதாக வந்த கட்சிக்கு உட்காரத் திண்ணையே இல்லை. மிகவும் வறியவர்களோ வாக்களிக்கவே குறைவாகத்தான் வருகிறார்கள். பின்லாந்தில் மொத்த வாக்குப்பதிவு 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, ஆனால் வருமானமும் கல்வியும் குறையக் குறைய அதுவும் குறைகிறது. வேலையில்லாதவர்களிடம் இது பளிச்சென்று தெரிகிறது.

வென்னமோ கட்சிக்கும் நல்ல முடிவு வரவில்லை. 1972இல் மறுபடி 18 இடம் ஜெயித்த சூட்டோடு உட்சண்டையில் 12 பேர் பிரிந்து போனார்கள். 1975இல் இரண்டே இடம். 1983இல் மகன் பெக்கா வென்னமோ தலைமையில் 17 இடத்தோடு எழுந்து அரசிலும் சேர்ந்தார்கள். வேலையின்மையை ஆறு மாதத்தில் ஒழிப்போம் என்ற வாக்குறுதியோடு தொழிலாளர் துறைக்கு வந்தார் உர்போ லெப்பானென். ஒழியவில்லை. 1995இல் ஓர் இடத்துக்குச் சுருங்கிக் கட்சி திவாலானது. வேலையின்மை உச்சத்தில் இருந்து அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது, அதைப் பேசவென்றே இருந்த கட்சியோ தீர்ந்துபோனது. வறுமை கூடினால் வறுமை பேசும் கட்சிக்கு வாக்கு கூடும் என்ற கணக்கு சரியில்லை என்பதை இந்த ஒரு சம்பவமே காட்டிவிடும்.

அதன் சாம்பலில் இருந்துதான் அதே 1995இல் டிமோ சொய்னியும் நண்பர்களும் பின்னியர் கட்சியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அதுவும் சின்னக் கட்சிதான். 2003இல் 3 இடம், 2007இல் 5. 2003இல் அந்த மூன்றில் ஒன்றைப் பிடித்தவர் டோனி ஹால்மே, பழைய குத்துச்சண்டை வீரர், ஹெல்சின்கியில் 16,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். கூட்டிப் பாருங்கள், நாடு முழுவதும் ஏழைக் கட்சியின் எல்லா வேட்பாளர்களும் சேர்ந்து வாங்கியதைவிட ஐந்து மடங்கு அந்த ஒரே ஆளுக்கு. அவருக்கு விழுந்த வாக்குகளில் கணிசமானவை தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்து வந்தவை. ஏழைக் கட்சி எந்த மக்களுக்காகப் பேசியதோ, அவர்களில் பலர் வேறொருவருக்குப் போட்டார்கள். 2008இல் வெடித்த தேர்தல் நிதி ஊழல், கடனில் சிக்கிய யூரோ நாடுகளுக்குக் கொடுத்த மீட்புக் கடன் என்று எல்லாம் சேர்ந்து 2011இல் பின்னியர் கட்சியை 19.1 சதவீதத்துக்கும் 39 இடங்களுக்கும் தூக்கியது. சின்ன ஓய்வூதியம், சாதாரண மனிதன் என்று சொய்னி பேசினார். வென்னமோ பாணிதான். ஆனால் கூடவே குடியேறிகள்மீதும் ஐரோப்பிய ஒன்றியத்தின்மீதும் கோபத்தைத் திருப்பினார்கள். ஏழைக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு ஏழையைக் காட்டி வாக்குக் கேட்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பாதையில் போகாமலே பல ஆண்டுகள் முயன்ற சின்னக் கட்சிமேல் எனக்குள்ள மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

கோரிக்கைகள் வீணாகப் போயினவா என்றால், இல்லை. அதே 2011 தேர்தலுக்குப் பின் இடதுசாரிக் கூட்டணி, தேசியக் கூட்டணிக் கட்சிப் பிரதமர் யிர்க்கி கடைனெனின் ஆறு கட்சி அரசில் சேர்ந்தது. சேர வைத்த நிபந்தனையில் முக்கியமானது, அடிப்படை வேலையின்மை உதவித்தொகையை மாதம் 100 யூரோ உயர்த்துவது. 2012 ஜனவரியில் உயர்ந்தது. கடைசிப் புகலிடமான வாழ்வாதார உதவியும் 6 சதவீதம் கூடியது. அந்த அரசில் சேரக் கூடாது என்று எதிர்த்து வாக்களித்த அவர்களுடைய எம்.பி.க்கள் இருவரைக் குழுவிலிருந்தே வெளியேற்றினார்கள், கட்சிக்கு அது வலித்தது. 2014இல் மறுபடி வெட்டு வந்தபோது அரசிலிருந்து வெளியேறினார்கள். இருந்தாலும் வேலையில்லாதவர் கைக்கு நூறு யூரோ வந்தது. 14 இடங்கள் இருந்ததால் பேரம் பேச முடிந்தது. 0.1 சதவீதத்தால் பேரம் பேச முடியாது.

பெயரும் பதவியும் இருந்தாலும் வாக்காளர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2015இல் அரசில் சேர்ந்த பின்னியர் கட்சி 2017இல் உடைந்தது. அமைச்சர்கள் உட்பட 20 எம்.பி.க்கள் வெளியேறி நீலச் சீர்திருத்தக் கட்சி என்று ஒன்றை அமைத்தார்கள். மானியம், அமைச்சர் பதவி, தொலைக்காட்சி நேரம் எல்லாம் இருந்தது. 2019இல் 1 சதவீதம், பூஜ்யம் இடம். அதே தேர்தலில் லீகே நுட் என்ற புது இயக்கம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி ஓர் இடம் பிடித்தது. அதன் தலைவர் ஹார்கிமோ ஏற்கெனவே ஊரறிந்த தொழிலதிபர், ஊசிமா தொகுதியில் நின்றார். அந்தத் தொகுதியின் அளவும் அவருடைய முகமும்தான் காரணம்.

இப்போது யாராவது இப்படி ஒரு கட்சியைத் தொடங்க நினைத்தால்? தேவை இருக்கிறது. 2023இல் பின்னியர் கட்சி 46 இடங்களோடு பிரதமர் பெட்டேரி ஓர்போவின் அரசில் சேர்ந்தது, நிதித்துறை அவர்கள் கையில். வீட்டு வாடகை உதவி குறைந்தது, பல உதவித்தொகைகளின் விலைவாசிப் படி உயர்வு சில ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது, வேலையில்லாத பெற்றோருக்கான குழந்தைப் படி 2024 ஏப்ரலில் போனது. ஆனால் நாடாளுமன்றத்தில் தொடங்குவது தப்பான இடம் என்பேன். உள்ளாட்சியில் தொடங்க வேண்டும். அங்கே நிற்கப் பதிவான கட்சி தேவையில்லை, 5,000 அட்டையும் தேவையில்லை. பத்து வாக்காளர்கள் சேர்ந்து ஒரு வேட்பாளரை நிறுத்தலாம். ஹெல்சின்கி மன்றத்தில் 85 இடங்கள், அதாவது 1.2 சதவீதம் இருந்தால் ஓர் இடம். 2017இல் பெண்ணியக் கட்சி, பதிவாகிச் சில மாதங்களிலேயே, அங்கே ஓர் இடம் ஜெயித்தது. பைரேட் கட்சியும் ஜெயித்தது. வாழ்வாதார உதவியின் அடிப்படைத் தொகையை 2017 முதல் கேலா என்ற தேசியக் காப்பீட்டு நிறுவனமே வழங்குவதால் அதை நகர மன்றம் மாற்ற முடியாது, உண்மைதான். ஆனால் ஹெல்சின்கி நகரம் தன் நிறுவனம் வழியாகச் சுமார் 50,000 வாடகை வீடுகளை வைத்திருக்கிறது. சுகாதார மையமும் சமூகச் சேவையும் அங்கே இன்னும் நகரத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. வாடகை எவ்வளவு, கட்டணத்தில் யாருக்கு விலக்கு, மில்லிபுரோவில் உணவு கொடுக்கிறவர்களுக்கு இடம் உண்டா என்பதையெல்லாம் அந்த 85 பேர்தான் முடிவு செய்கிறார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029 ஏப்ரலில்.